கட்டணத்தையும் பதக்கத்தையும் பிறகு பேசுவோம்: வாஷிங்டன் வட்டாரத் தமிழ் ஓட்டக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

வாஷிங்டன், மேரிலாந்து, வடக்கு வர்ஜீனியா பகுதிகளில் ஓடிவரும் தமிழ் நண்பர்களுக்கு வணக்கம்.

வரும் இலையுதிர் காலத்தில் நம் குழுவின் பெயரில் முதல் ஐந்து கிலோமீட்டர் ஓட்டத்தை நடத்துவது என்று முடிவாகி, அதற்கான வரைவுத் திட்டமும் எல்லோருக்கும் அனுப்பப்பட்டிருக்கிறது. 45 டாலர் கட்டணம், தேதி நெருங்க நெருங்க ஏறும் கட்டண அடுக்கு, ஓடி முடித்த அனைவருக்கும் பதக்கம், டி-ஷர்ட், ட்ரோன் படப்பிடிப்பு, மேடை, சிறப்பு விருந்தினர் எல்லாம் அதில் விரிவாக இருக்கின்றன. ஆனால் பாதையை அளக்கப் போவது யார், பூங்கா நிர்வாகத்திடம் அனுமதி கேட்டுக் கையெழுத்திடப் போவது யார், யாராவது வழுக்கி விழுந்து காலை முறித்துக்கொண்டால் அதற்குப் பொறுப்பேற்பது யார் என்பதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அந்த வரைவைத் திருத்த வேண்டும் என்று கேட்பதற்காகவே இதை எழுதுகிறேன். கோரிக்கையை வெறுமனே பட்டியல் போடுவதைவிட, நாம் ஓடும் இதே ஊரில் 1960களில் பொதுமக்களின் ஓட்டத்துக்காகத் தம் உழைப்பைக் கொடுத்த ஹியூ ஜாஸ்கோர்ட் என்ற வழக்கறிஞரை நினைவுகூர்ந்து, அவரை முன்வைத்துச் சொல்வதே பொருத்தம் என்று நினைக்கிறேன்.

நம்மில் பலருக்கு அந்தப் பெயர் தெரிந்திருக்காது. அவர் ஒலிம்பிக் வீரர் அல்லர். சாதனைப் பட்டியல்களில் இடம்பெற்றவரும் அல்லர். தொழிலாளர் சட்டம், அதிலும் அரசுக்கும் அரசு ஊழியர்களுக்கும் இடையிலான தொழிலுறவுச் சட்டம் அவருடைய துறை. பள்ளி ஆசிரியர்களின் கூட்டுப் பேரம் போன்ற, பொதுவாசகர் யாரும் விரும்பிப் படிக்காத பொருள்களைப் பற்றிச் சட்ட இதழ்களில் எழுதியவர். அவர்தான் 1961இல் டி.சி. ரோட் ரன்னர்ஸ் கிளப் உருவாகக் காரணமானவர். நாடு முழுவதும் உள்ள ஓட்டக் கழகங்களின் கூட்டமைப்பான அமெரிக்க ரோட் ரன்னர்ஸ் கிளப்புக்குத் தேசியத் தலைவராகவும் இருந்தவர். இந்த வட்டாரத்தில் நாம் ஓடும் பந்தயங்களில் பலவற்றின் வேரைத் தேடிப் போனால் அந்தக் கழகத்தில்தான் போய் நிற்போம்.

அந்தக் காலத்தின் நிலையைச் சொல்லாமல் அவர் செய்த வேலையின் அளவு விளங்காது. 1960களின் தொடக்கத்தில், வேலைக்குப் போகும் வளர்ந்த ஒருவர் மாலையில் அரைக்கால் சட்டையோடு சாலையில் ஓடினால், அவர் எதையாவது திருடிக்கொண்டு ஓடுகிறாரோ என்று பார்ப்பவர்கள் சந்தேகப்பட்ட காலம் அது. 1968இல்கூடத் தென் கரோலினாவில் ஓடிக்கொண்டிருந்த ஸ்ட்ராம் தர்மண்ட் என்ற செனட்டரைக் காவலர்கள் நிறுத்தி விசாரித்ததாகச் செய்தி வந்தது. நெடுந்தூர ஓட்டப் பந்தயங்கள் அரிதாகவே நடந்தன. நடந்தவையும் அமெச்சூர் அத்லெடிக் யூனியன் என்ற அமைப்பின் ஆதிக்கத்தில் இருந்தன. அதன் உறுப்பினர் அட்டை இல்லாமல் ஓட முடியாது; தடை செய்யப்பட்டவரோடு சேர்ந்து ஓடினால் ஓடியவருக்கும் தடை வரலாம். பெண்களுக்கு ஒன்றரை மைலுக்கு மேல் ஓட அனுமதியே கிடையாது. 1966இல் பாபி கிப் பாஸ்டன் மாரத்தானில் பங்கேற்க விண்ணப்பித்தபோது, அவ்வளவு தூரம் ஓடும் உடற்கூறு பெண்களுக்கு இல்லை என்று பதில் வந்ததும், தொடக்கக் கோட்டுக்கருகே புதரில் மறைந்திருந்து ஓட்டத்தில் கலந்து அவர் ஓடி முடித்ததும் நம் குழுவிலுள்ள பெண்கள் பலமுறை சொல்லக் கேட்ட கதைதான். அந்தத் தடையை எழுதிய மேசையில் ஓடும் பெண் ஒருத்திகூட இருந்திருக்க மாட்டாள் என்பதே எனக்கு அதில் முக்கியமாகப் படுகிறது.

இந்த ஆதிக்கத்துக்கு மாற்றாகத்தான் நியூ ஜெர்சியைச் சேர்ந்த பிரௌனிங் ராஸ், 1958 பிப்ரவரியில் நியூயார்க் விடுதியொன்றில் சிலரைக் கூட்டி அமெரிக்க ரோட் ரன்னர்ஸ் கிளப்பைத் தொடங்கினார். அவர் 1948, 1952 ஆகிய இரண்டு ஒலிம்பிக் போட்டிகளில் ஓடியவர்; நெடுந்தூர ஓட்டத்துக்கென்றே ஒரு சிற்றிதழைத் தாமே நடத்தியவர். இங்கிலாந்தில் 1952இல் தொடங்கப்பட்டிருந்த ரோட் ரன்னர்ஸ் கிளப்தான் அவருக்கு முன்மாதிரி. ஓடுபவர்களே தங்கள் ஓட்டத்தை நடத்திக்கொள்ள வேண்டும் என்பதுதான் அதன் அடிப்படை. ஆனால் இப்படித் தொடங்கும் அமைப்புகள் பெரும்பாலும் முதல் ஆர்வம் வடிந்ததும் கலைந்துபோகும் என்பது, எந்தச் சங்கத்திலாவது செயலாளராக இருந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். அவை நிலைக்க வேண்டுமானால் விதிகளை எழுதி வைக்கவும், கூட்டக் குறிப்பை ஒழுங்காகப் பராமரிக்கவும், கடிதத்துக்குக் கடிதம் பதில் போடவும் சலிக்காத ஒருவர் வேண்டும். ராஸுக்குப் பின் வந்தவர்களில் ஜாஸ்கோர்ட் அப்படிப்பட்டவர்.

தொழிலாளர் சட்டம் படித்த ஒருவர் இதில் இறங்கியதைத் தற்செயல் என்று நான் கருதவில்லை. 1962 ஜனவரியில் அதிபர் கென்னடி பிறப்பித்த ஆணைதான் மத்திய அரசு ஊழியர்களுக்கு முதன்முதலாகக் கூட்டுப் பேர உரிமையைக் கொடுத்தது. தங்களைக் கட்டுப்படுத்தும் விதிகளை எழுதும் இடத்தில் தங்களுக்கும் ஒரு நாற்காலி வேண்டும் என்று ஊழியர்கள் கேட்டுக்கொண்டிருந்த நகரத்தில், அந்தச் சட்டத்தையே தொழிலாகக் கொண்டவர் ஓட்டக்காரர்களுக்கும் அதே நாற்காலியைப் போட முயன்றார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. இது என் ஊகம். அவர் இப்படிச் சொன்னதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

கழகம் தொடங்கிய மறு ஆண்டே, 1962 பிப்ரவரியில், ஜார்ஜ் வாஷிங்டன் பிறந்தநாளை ஒட்டி ஒரு மாரத்தான் நடத்தப்பட்டது. மேரிலாந்தின் கிரீன்பெல்ட்டையும் பெல்ட்ஸ்வில் வேளாண் ஆராய்ச்சி நிலங்களையும் சுற்றி அது பின்னர் பல பத்தாண்டுகள் நடந்தது. பிப்ரவரி மாதத்தில் அந்தத் திறந்த வயல்வெளியில் வீசும் காற்றை அனுபவித்தவர்கள், கைதட்ட ஆளில்லாத ஒரு மாரத்தானை எதற்காக இத்தனை ஆண்டுகள் பிடிவாதமாக நடத்தினார்கள் என்று வியக்கக்கூடும். இந்த ஊரிலேயே ஓட ஒரு மாரத்தான் வேண்டும் என்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் தேவைப்பட்டிருக்கவில்லை. இன்று குலுக்கல் முறையில் இடம் கிடைக்குமா என்று நாம் காத்திருக்கும் செர்ரி பிளாசம் பத்து மைல் ஓட்டத்தையும், பாஸ்டனுக்கு முன்னதான பயிற்சி ஓட்டமாக 1973இல் தொடங்கியது இதே கழகம்தான். பாஸ்டனில் மார்பு எண் 261 அணிந்து ஓடி, நடத்துநர் ஒருவரால் பிடித்துத் தள்ளப்பட்ட கேத்ரின் ஸ்விட்சர்தான் அந்த முதல் ஓட்டத்தில் பெண்கள் பிரிவில் வென்றவர்.

இவற்றைவிட நான் பெரிதாக மதிப்பது, ஜாஸ்கோர்ட்டின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் ‘ரன் ஃபார் யுவர் லைஃப்’ திட்டத்தை. வெற்றி தோல்வி இல்லாமல், ஓடிப் பழக்கமே இல்லாதவர்களும் வந்து கலந்துகொள்ளக்கூடிய குறுந்தூர ஓட்டங்களை 1960களில் இந்த வட்டாரத்தில் நடத்தியது அந்தத் திட்டம். கழகம் ஆரம்பிப்பவர்கள் பொதுவாகத் தங்களைப் போன்றவர்களையே தேடுவார்கள். வேகமாக ஓடுபவர்களுக்கு வேகமாக ஓடுபவர்கள்தான் துணை. அதற்கு மாறாக, ஓடாதவர்களுக்காக ஒரு ஓட்டக் கழகம் உழைத்தது என்பது அந்தக் காலத்தில் புதுமை. மக்களிடையே ஆர்வம் இல்லாமல் இல்லை. 1963 பிப்ரவரியில் கென்னடி கிளப்பிவிட்ட ஐம்பது மைல் நடைப் பித்து நாடெங்கும் பரவியது. அவருடைய தம்பியும் அரசின் தலைமை வழக்கறிஞருமான ராபர்ட் கென்னடி, கடும் குளிரில் சாதாரணத் தோல் காலணியோடு பொடோமாக் ஆற்றை ஒட்டிய சி அண்ட் ஓ கால்வாய்க் கரை வழியாக ஐம்பது மைலையும் நடந்து முடித்தார். அந்த ஆண்டு மார்ச் மாதம் மேரிலாந்தில் நடந்த ஐம்பது மைல் ஓட்டத்தில் புறப்பட்டவர்கள் 11 பேர், முடித்தவர்கள் 4 பேர். பித்து சில மாதங்களில் அடங்கியது. ஐம்பது மைலைப் பார்த்து மலைத்து வீட்டிலேயே இருந்துவிட்டவர்களுக்கு, வாருங்கள், ஒரு மைல் ஓடிப் பார்க்கலாம் என்று சொல்ல ஆள் தேவைப்பட்டது.

அந்தக் கால்வாய்க் கரையைப் பற்றி ஒரு வார்த்தை. நம்மில் பாதிப் பேர் ஞாயிறு காலையில் நீண்ட தூரம் ஓடுவது அங்கேதான். அதை மோட்டார் சாலையாக மாற்றும் திட்டத்தை வாஷிங்டன் போஸ்ட் நாளிதழ் 1954இல் ஆதரித்து எழுதியபோது, உச்ச நீதிமன்ற நீதிபதி வில்லியம் டக்ளஸ் அந்த ஆசிரியர்களைத் தம்மோடு 184.5 மைல் நீளமுள்ள கரை முழுவதும் நடந்து பார்க்க அழைத்தார். பலர் சேர்ந்து கிளம்பினாலும், முழுத் தூரத்தையும் நடந்தவர்கள் அவரையும் சேர்த்து ஒன்பது பேர்தாம். நாளிதழ் தன் நிலையை மாற்றிக்கொண்டது. 1971இல் கால்வாய் தேசிய வரலாற்றுப் பூங்காவானது. ஓடுவதற்குரிய மண்பாதையை மிச்சம் வைத்தவரும் சட்டக்காரர், அதில் ஓட ஆள் சேர்த்தவரும் சட்டக்காரர் என்பது இந்த ஊருக்கே உரிய பொருத்தம் போலும்.

சட்டக்காரர்கள் எல்லோரும் ஓட்டத்துக்கு நல்லதே செய்தார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. 1981இல் பாஸ்டன் மாரத்தானின் இயக்குநர், ஒரு வழக்கறிஞரின் நிறுவனத்தோடு ஒப்பந்தம் செய்துகொண்டார். விளம்பரதாரர்களைத் தேடித் தரும் தனி உரிமை அந்த நிறுவனத்துக்கு. குறிப்பிட்ட தொகைக்கு மேல் வரும் பணமும் அந்த நிறுவனத்துக்கே. நிர்வாகக் குழுவினர் ஒப்பந்தம் செய்யும் அதிகாரத்தை இயக்குநரிடம் மொத்தமாகக் கொடுத்திருந்ததால், என்ன எழுதப்பட்டது என்று பிறகுதான் தெரிந்துகொண்டார்கள். வழக்கு நடந்து, அப்படிப்பட்ட அதிகாரத்தை ஒரு தனி மனிதருக்குத் தாரைவார்க்க நிர்வாகக் குழுவால் முடியாது என்று 1984இல் மாசசூசெட்ஸ் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த பிறகே அந்த ஓட்டம் மீண்டது. அதுவரை எண்பத்தைந்துக்கும் மேற்பட்ட முறை நடந்த ஓட்டத்துக்கே இந்தக் கதி. விதிமுறையும் கணக்கும் எழுத்தில் இல்லாத, வாட்ஸ்அப் குழுவில் கட்டைவிரல் உயர்த்தியே எல்லாவற்றையும் முடிவு செய்கிற நம்மைப் பற்றி என்ன சொல்வது?

இனி வரைவுக்கு வருகிறேன். முதலாவது கட்டணம். பதக்கம், டி-ஷர்ட், ட்ரோன், மேடை ஆகியவற்றை நீக்கிவிட்டால் அனுமதிக் கட்டணம், காப்பீடு, முதலுதவி, தண்ணீர், கழிப்பறை வாடகை இவைதாம் மிஞ்சும். அவற்றைத் தலைக்கு வகுத்தால் 45 டாலர் வராது. இரண்டு பிள்ளைகளோடு வரும் ஒரு குடும்பம் 180 டாலர் கொடுத்துத்தான் ஞாயிற்றுக்கிழமை பூங்காவில் ஓட வேண்டும் என்றால், மாணவர் விசாவில் இருப்பவர்களும் ஒருவர் சம்பளத்தில் வாழ்பவர்களும் வாயைத் திறந்து எதுவும் சொல்லாமல் ஒதுங்கிவிடுவார்கள். டி.சி. ரோட் ரன்னர்ஸ் கிளப் இன்றும் கோடையிலும் குளிரிலும் தொடராக நடத்தும் எளிய ஓட்டங்களுக்குப் போய்ப் பாருங்கள். ஒரு மடக்கு மேசை, எண்கள் வைத்த அட்டைப்பெட்டி, சில தன்னார்வலர்கள், ஒரு கடிகாரம். ஓட்டம் குறித்த நேரத்தில் தொடங்கி, முடிவுகளும் ஒழுங்காக வெளிவருகின்றன.

இரண்டாவது, யாருக்காக இந்த ஓட்டம் என்பது. வரைவில் பத்துப் பத்து வயதாகப் பிரித்துப் பரிசுகள் இருக்கின்றன. நடப்பவர்களுக்கு இடமில்லை, நாற்பத்தைந்து நிமிடத்தில் கடிகாரத்தை நிறுத்திவிடுவதாகவும் எழுதியிருக்கிறது. மே மாதம் ஊரிலிருந்து வந்து அக்டோபர் வரை நம்மோடு தங்கும் அம்மா அப்பாக்களை நினைத்துப் பாருங்கள். மகன் வாங்கிக் கொடுத்த வெள்ளை ஓட்டக் காலணியைச் சேலைக்குக் கீழே போட்டுக்கொண்டு, மேலே ஜிப் வைத்த ஸ்வெட்டரும், காதை மூட ஒரு ஸ்கார்ஃபுமாக, குடியிருப்பைச் சுற்றியுள்ள நடைபாதையில் தினமும் காலை தனியாக நான்கு சுற்று நடக்கும் அம்மா ஒருவராவது நம் ஒவ்வொருவர் தெருவிலும் இருக்கிறார். எதிரே வரும் அயலார் ‘குட் மார்னிங்’ சொல்லும்போது தலையை மட்டும் அசைத்துவிட்டுப் போகும் அவருக்கு, தமிழ் பேசும் இருநூறு பேரோடு சேர்ந்து நடக்க ஒரு காலைப் பொழுது கிடைப்பது என்னவென்று நமக்குத் தெரியும். ‘ரன் ஃபார் யுவர் லைஃப்’ ஓட்டங்கள் உத்தேசித்தது இப்படிப்பட்டவர்களைத்தான். ஆகவே நடப்பவர்களுக்கும் எண் கொடுக்க வேண்டும்; கடைசியாக வருபவருக்குப் பின்னால் நம்மில் ஒருவர் நடந்து வர வேண்டும்; அவர் கோட்டைத் தாண்டும்வரை கடிகாரம் ஓட வேண்டும். பொறுப்புத்துறப்புப் படிவத்தைத் தமிழிலும் கொடுத்து, அதில் கையெழுத்திட்டால் என்ன பொருள் என்று அவர்களுக்கு வாய்விட்டுச் சொல்லவும் வேண்டும். ஆங்கிலத்தில் மூன்று பக்கத்தை நீட்டி, ‘இங்கே போடுங்க அம்மா’ என்று விரலால் காட்டுவதை ஒப்புதல் என்று எந்த நல்ல வழக்கறிஞரும் ஏற்கமாட்டார்.

மூன்றாவது, பாதையின் நீளம். ‘என் கைக்கடிகாரத்தில் 5.02 காட்டியது, போதும்’ என்று குழுவில் ஒருவர் எழுதியிருந்தார். போதாது. நியூயார்க்கைச் சேர்ந்த டெட் கார்பிட் 1964இல் சாலைப் பாதைகளை அளப்பது குறித்து ஆய்வறிக்கை எழுதி, அதை ரோட் ரன்னர்ஸ் கிளப் வெளியிட்ட பிறகுதான் ஒரு ஊரின் பத்து மைலும் இன்னொரு ஊரின் பத்து மைலும் ஒன்றாயின. எஃகு நாடாவால் அளந்த நேர்த்தூரத்தில் மிதிவண்டியை ஓட்டிச் சக்கரச் சுற்றுகளை எண்ணிக்கொண்டு, பிறகு ஓட்டக்காரர் ஓடக்கூடிய மிகக் குறுகிய கோட்டில் பாதை முழுவதும் ஓட்டிப் பார்ப்பதே இன்றும் முறை. பாதை குறைந்துவிடாமல் இருக்க ஆயிரத்துக்கு ஒன்று என்ற கணக்கில் கூடுதலும் சேர்ப்பார்கள். நம் ஐந்து கிலோமீட்டருக்கு அது ஐந்து மீட்டர். ஒரு காலை வேலைதான். வாழ்நாளில் முதன்முறையாக ஐந்து கிலோமீட்டர் ஓடி முடிக்கும் ஒருவர், பின்னர் வேறு பந்தயத்துக்குப் போய், நாம் ஓடவிட்டது 4.8 என்று தெரிந்துகொள்ளக் கூடாது.

நான்காவது, நம்மை நாமே ஓர் அமைப்பாக்கிக்கொள்வது. அமெரிக்க ரோட் ரன்னர்ஸ் கிளப்பின் தலைமையகம் நமக்குப் பக்கத்தில் ஆர்லிங்டனில்தான் இருக்கிறது. உறுப்பினராகச் சேரும் கழகங்களுக்குப் பொறுப்புக் காப்பீட்டுக்கும், இலாப நோக்கற்ற அமைப்புக்கான வரிவிலக்குக்கும் அதன் வழியாகவே வகை செய்துகொள்ளலாம். தனியாகப் போராடிப் பெற வேண்டியதை நமக்கு முன் வந்தவர்கள் இவ்வளவு எளிதாக்கி வைத்திருக்கும்போது, ஒருவர் தம் சொந்த வங்கிக் கணக்கில் எல்லோருடைய கட்டணத்தையும் வாங்கி, தம் பெயரிலேயே அனுமதியும் எடுத்து, நாளை ஏதாவது நேர்ந்தால் தம் வீட்டைப் பணயம் வைக்கும் நிலையில் இருப்பது அநியாயம். அந்த நண்பர் ஒரு நாளும் குறைபட்டுக்கொண்டதில்லை. அதனால்தான் நான் சொல்ல வேண்டியிருக்கிறது. நான்கைந்து பக்கத்துக்குள் ஒரு விதிமுறை, ஆண்டுக்கொரு தேர்தல், இரண்டு பேர் கையெழுத்திட்டால்தான் பணம் எடுக்க முடியும் என்ற ஏற்பாடு, பொதுக்குழுவில் வாசிக்கப்படும் கணக்கு: இவ்வளவு போதும். பெண்கள் பாதிக்குப் பாதி ஓடும் நம் குழுவில், வரைவைத் தயாரித்த ஐவரும் ஆண்கள் என்பதையும் அந்த விதிமுறையிலேயே சரிசெய்துகொள்ளலாம்.

இந்த வட்டாரத்தில் தமிழ் வழக்கறிஞர்களுக்குக் குறைவில்லை. குடியேற்றச் சட்டம், காப்புரிமை, அரசுத் துறை என்று பல இடங்களில் இருக்கிறீர்கள். உங்களில் சிலர் நம்மோடு ஓடுகிறீர்கள் என்பதும் தெரியும். விழா என்றால் உங்களை மேடையில் உட்காரவைத்துப் பொன்னாடை போர்த்துகிறோமே தவிர, உங்கள் தொழில்திறனை நாங்கள் கேட்டதில்லை. ஜாஸ்கோர்ட் தொழிலில் கற்றதைத்தான் ஓட்டக் கழகத்துக்குக் கொண்டுவந்தார். உங்களிடம் கேட்பதும் அதுவே: பத்து கிலோமீட்டரை எத்தனை நிமிடத்தில் ஓடுகிறீர்கள் என்பதல்ல, ஒரு விதிமுறையைப் படித்து ஓட்டைகளைச் சொல்ல ஒரு சனிக்கிழமை மாலை உங்களால் தர முடியுமா என்பதுதான்.

அவர் பெயரை நம் ஓட்டத்துக்குச் சூட்ட வேண்டும் என்று நான் கேட்கவில்லை. நம் பிள்ளைகளுக்குப் பழகிய பெயரோ, பொங்கலோடும் பறையோடும் சேரும் பெயரோ எதுவானாலும் குழு முடிவு செய்யட்டும். எண் கொடுக்கும் மேசையில் அவரைப் பற்றித் தமிழில் ஒரு பக்கக் குறிப்பு வைத்தால் நல்லது. அதை நான் எழுதித் தருகிறேன்.

அடுத்த கூட்டத்தில் இந்த நான்கையும் தனித்தனித் தீர்மானங்களாக எடுத்துக்கொள்ளும்படி கோருகிறேன். ஓட்டம் நடத்துவதையே எதிர்ப்பதாக யாரும் எண்ண வேண்டாம். நடத்துவது உறுதி என்பதால்தான் இத்தனையும். அனுமதி விண்ணப்பத்தையும் விதிமுறையின் முதல் வரைவையும் நான் எழுதத் தொடங்கியிருக்கிறேன். பாதையை அளக்க மிதிவண்டியோடு இருவரும், தமிழ்ப் படிவத்தைச் சரிபார்க்க ஒரு வழக்கறிஞரும், கடைசியாக வருபவரோடு நடந்து வர ஒருவரும் பெயர் கொடுத்தால், கூட்டத்துக்கு முன்பே பாதி வேலை முடிந்துவிடும்.

அன்புடன்,
உங்களோடு ஓடும் ஒருவன்